உற்பத்தியாளர் விலை, நுகர்வோர் விலை

காரைக்குடியில் தேன்குழல் போடுபவர் சரக்கைக் கடைக்குக் கொடுத்துவிட்டு, வரியும் லாரி வாடகையும் நீங்கலாகக் கையில் வாங்கும் தொகைதான் உற்பத்தியாளர் விலை. அதே பொட்டலத்துக்குச் சென்னையில் வீட்டுக்கு வாங்குபவர் கொடுப்பது நுகர்வோர் விலை.

'விலை' என்பதற்கு வேர் 'வில்'. விற்றல், விற்பனை எல்லாம் அதன் பங்காளிகள். 'நுகர்' மணத்தை முகர்வதையும் இன்பத்தைத் துய்ப்பதையும் குறித்த பழஞ்சொல். 'உற்பத்தி' வடசொல், தோன்றுதல் என்று பொருள். தனித்தமிழ் வேண்டுவோர் 'ஆக்குநர் விலை' எனலாம், பொருத்தமாகவே இருக்கிறது. 'அடக்க விலை' என்று மட்டும் எழுதக் கூடாது. அடக்கம் என்பது வெறும் செலவு. உற்பத்தியாளர் விலையில் அவருடைய லாபமும் உண்டு.

சரி, உற்பத்தியாளர் விலை ஏறினால் நுகர்வோர் விலையும் ஏறுமா? பெரும்பாலும் ஏறும், ஆனால் தாமதமாக, அதுவும் முழுதாக அல்ல. 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை மத்திய அரசு கூட்டியது. இப்படி எண்ணெய் விலை ஏறும்போது பலகாரம் போடுபவர் உடனே விலையைக் கூட்டிவிட முடியாது. முன்பணம் வாங்கிய கல்யாண ஆர்டரைப் பழைய விலைக்கே கொடுத்தாக வேண்டும். கடைக்காரரும் வாடிக்கை போய்விடுமே என்று தன் லாபத்தில் கொஞ்சம் விடுவார். அப்புறம்தான் மிச்சம் வாங்குபவர் தலையில் விழும், சில சமயம் விலை மாறாமல் பொட்டலத்தின் எடை குறைந்து.

தலைகீழாகவும் நடக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் பொட்டலக் கார வகைகளின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. இதனால் கடையில் விலை குறையலாம். போட்டவர் வாங்கும் தொகை அப்படியே இருக்கும்.

இந்தியாவில் உற்பத்தியாளர் பக்கத்தை நெடுங்காலமாக, மொத்த வியாபார விலைகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் மொத்த விலைக் குறியீட்டை வைத்தே பார்த்துவருகிறார்கள். 2011-12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில் ஜிஎஸ்டி போன்ற மறைமுக வரிகளைச் சேர்ப்பதில்லை. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், டாக்டர் செலவு எதுவும் அதில் இல்லை. இவையெல்லாம் நுகர்வோர் விலைக் குறியீட்டில் உண்டு. அதனால்தான் ரிசர்வ் வங்கி 2016 முதல் பணவீக்க இலக்கான 4 சதவீதத்தை நுகர்வோர் குறியீட்டில் அளக்கிறது. 'மொத்த விலை இறங்கிவிட்டது' என்ற செய்தியைக் காட்டிச் சம்பள உயர்வை மறுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படியே தொழிலாளர்களுக்கான நுகர்வோர் குறியீட்டை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது.