கோர் – உள்ளகம்

ஆப்பிள் போன்ற பழங்களின் நடுவே விதைகளைத் தாங்கி நிற்கும் கெட்டியான பகுதிக்கு ஆங்கிலத்தில் ‘கோர்’ என்று பெயர். இதயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து இது பிறந்தது என்பாரும் உண்டு. ஆனால் அது உறுதிப்படவில்லை. 1950களில் கணினித் துறைக்குள் வந்தபோது, நினைவகத்தில் தரவைத் தேக்கிய சிறு காந்த வளையத்துக்கு இப்பெயர் வழங்கிற்று. இன்று அது, கட்டளைகளைத் தானே எடுத்து நிறைவேற்றவல்ல செயற்பகுதியின் பெயர். ஐபிஎம் நிறுவனத்தின் பவர்4 செயலி (பிராசசர்) 2001இல் ஒரே சில்லில் இரண்டு கோர்களைக் கொண்டு வந்தது.

தமிழில் ‘கரு’, ‘உள்ளகம்’ என இரண்டும் வழங்குகின்றன. செயலகம், நினைவகம் என்னும் வரிசையோடு இயல்பாகச் சேர்வதால் ‘உள்ளகம்’ என்பதையே நான் கொள்கிறேன்.

இன்டெல் 2021இல் வெளியிட்ட 12ஆம் தலைமுறையிலிருந்து ஒரே செயலிக்குள் ‘பி-கோர்’, ‘இ-கோர்’ என இருவகை உள்ளகங்கள் பரவலாயின. முன்னது கடும்பணிக்கு விரைவு தருவது. பின்னது குறைந்த இடத்தில், குறைந்த மின்சாரத்தில் இயங்குவது. செயல்திறன் உள்ளகம், ஆற்றல்திறன் உள்ளகம் என்று பெயர்த்தால் இரண்டிலும் ‘திறன்’ நின்று குழப்பும் என்பதால், வேக உள்ளகம், சிக்கன உள்ளகம் எனலாம்.

மடிக்கணினி வாங்குவோர் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாறுவர். ஐ3-என்305 செயலியில் எட்டு உள்ளகங்கள் உண்டு, எட்டும் சிக்கன வகை. ஆறே உள்ளகங்கள் கொண்ட ஐ3-1215யூவிலோ இரண்டு வேக வகை. ஐ7-1255யூவிலும் வேக உள்ளகங்கள் இரண்டுதான். பெயரில் தாழ்ந்த ஐ5-1240பியில் நான்கு. (ஐ7 என்பது எந்த உள்ளகக் கணக்கும் அன்று.)

விவரப்பட்டியலில் வகை பிரித்துக் காட்டாதபோது ஒரு கழித்தல் போதும். இச்செயலிகளில் வேக உள்ளகம் ஒவ்வொன்றும் இரண்டு இழைகளையும் (ஒரே நேரத்தில் ஓடும் கட்டளை வரிசைகள்) சிக்கன உள்ளகம் ஓர் இழையையும் கையாளுவதால், இழை எண்ணிக்கையிலிருந்து உள்ளக எண்ணிக்கையைக் கழித்தால் எஞ்சுவது வேக உள்ளகங்களின் தொகை: 1255யூவுக்கு 12 கழித்தல் 10, 1240பிக்கு 16 கழித்தல் 12. காணொளித் தொகுப்பு, நிரல் தொகுத்தல் போன்ற வேலை செய்வோர்க்கு இவ்விடைதான் முக்கியம். தட்டச்சும் இணையமுமே போதும் என்பவருக்கு என்305 குறையில்லை.

2024இல் வந்த இன்டெலின் லூனார் லேக் செயலிகளுக்கு இக்கணக்கு பொருந்தாது. நான்கு வேக உள்ளகங்கள் இருந்தும் அவற்றுக்கு இரட்டை இழை கிடையாது. எட்டு இழைகளிலிருந்து எட்டு உள்ளகங்கள் போனால் பூச்சியமே வரும்.