நடுங்க வைப்பது புகாரா, சேட்டா?

"சிவனொளிபாதமலை ஏறேக்க வேர்த்து ஒழுகிச்சு, சுவெற்றரைக் கழற்றி இடுப்பிலை கட்டினம். உச்சியிலை நிண்ட அரை மணித்தியாலத்திலை பல் கிட்டீட்டுது. ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். மார்கழிப் பூரணையோடு யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்துப் போகிற பலருக்கும் இதே கதைதான்.

உயரம் பள்ளிக்கூடப் பாடம். 1000 மீற்றருக்குச் சராசரியாக 6.5 பாகை குறையும். மலை 2243 மீற்றர். இங்கே இரவில் 24 பாகை என்றால் அங்கே 10 ஐ ஒட்டி நிற்கும். ஆனால் காய்ந்த உடுப்போடு நிற்பவரை 10 பாகை அப்படி ஆட்டாது.

புகாரையும் (மூடுபனியையும்) பழி சொல்ல முடியாது. ஒரு கனமீற்றர் புகாரில் பெரும்பாலும் அரைக் கிராம் தண்ணீர்கூட இல்லை. சேட்டை நனைத்தது வியர்வை. படியேறும் உடல் 500 வாற்று அளவில் வெப்பம் உண்டாக்கும். உச்சியில் குந்தியதும் அது 100 இற்கு இறங்கிவிடும். ஈரச்சேட் மட்டும் ஓயாது; ஆவியாகிக்கொண்டே உடம்பின் வெப்பத்தை எடுக்கும்.

இதில்தான் ஒரு வேடிக்கை. புகாருக்குள் காற்று நீராவியால் நிரம்பியிருக்கிறது. மாரியில் கொடியில் போட்ட சாரம் காய்வதில்லையே, உடம்பில் கிடக்கும் சேட் எப்படிக் காயும்? கொடிச்சாரம் காற்றின் வெப்பநிலையில் இருக்கிறது. தோலோடு ஒட்டிய துணியோ 30 பாகைக்கு மேல். 33 பாகையில் நீரின் நிரம்பலாவியமுக்கம், அதாவது ஆவி எட்டக்கூடிய உச்ச அமுக்கம், 50 மில்லிபார். 10 பாகைக் காற்று எவ்வளவு நிரம்பினாலும் 12 தான். 50 இலிருந்து 12 இற்கு ஆவி பாய்ந்துகொண்டே இருக்கும். முன்னால் நடப்பவரின் தோளில் ரோச்லைற் அடித்துப் பாருங்கள், புகை எழும்பும். வெளியேறிய ஆவி குளிர்ந்து மறுபடி துளியாவதுதான் அது. அப்போது வெப்பம் திரும்பக் கிடைக்கிறது, ஆனால் காற்றுக்கு, அவருக்கு அல்ல.

சேட்டில் 200 கிராம் வியர்வை இருந்தால், ஆவியாக 486 கிலோயூல் வேண்டும். சும்மா இருக்கும் உடல் 80 நிமிடத்தில் உண்டாக்கும் வெப்பம் முழுவதும் அவ்வளவுதான். அதில் பாதி உடம்பிலிருந்து போனாலே போதும், நடுங்க. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கு. (நிலை மாறும்போது நீர் எடுக்கும் இந்த மறைவெப்பத்தைப் பனிக்கட்டியை வைத்துப் படிப்பிப்பதை விட்டுவிட்டுக் குசினிப் பானையைக் காட்டினால் பிள்ளைகளுக்கு மறக்காது.)

ஆகவே வேர்க்க முன்னமே சுவெற்றரைக் கழற்றுங்கள். முதல் பத்து நிமிடம் கொஞ்சம் கூதலாகவே நடக்கவேண்டும். பருத்தியைவிடப் பொலியெஸ்ரர் சேட் நல்லது, இழை நீரை உறிஞ்சாது. ஒரு காய்ந்த பெனியனையும் துவாயையும் சொப்பிங் பாக்கில் கட்டி வையுங்கள். உச்சிக்கு முந்திய தேத்தண்ணிக் கடையில் ஈரத்தைக் கழற்றித் துடைத்து, பெனியன், சுவெற்றர், அதற்கு மேல் றெயின்கோட். ஈரச்சேட்டுக்கு மேலே சுவெற்றர் போட்டால் சுவெற்றரும் நனையும், அவ்வளவுதான். சூரியன் 6 மணிக்குப் பிறகுதான் வரும்; 3 மணிக்கே உச்சிக்கு ஓடி விறைக்கத் தேவையில்லை.

சாராயம் குளிருக்கு மருந்து என்பது சுத்தப் புலுடா. அது தோலின் குருதிக்குழாய்களை விரிக்கும். சூடு பிடிப்பதுபோல் தெரியும், உள்ளிருக்கும் வெப்பம் வெளியே போகும். சேட் பொத்தான் பூட்ட விரல் கேட்கவில்லை, பேச்சுக் குழறுகிறது என்றால் விளையாட்டல்ல. காற்றுப்படாத இடத்தில் இருத்தி, ஈரத்தை மாற்றி, விழுங்கக்கூடியவர் என்றால் சீனி கூடப்போட்ட தேத்தண்ணி கொடுத்து, சூரியோதயத்தை மறந்துவிட்டு உதவி தேடுங்கள்.