லெகசின்னா மரபு இல்லைங்க, எச்சம்

நேத்து ஒரு குத்துச்சண்டை நிகழ்ச்சியோட தமிழ் சப்டைட்டில்ல மறுபடியும் அதே கொடுமை. ரிட்டயர் ஆன ஹெவிவெயிட் சாம்பியன் விளாதிமிர் கிளிச்கோவைப் பத்தி நாலு பேர் உட்கார்ந்து பேசறாங்க, கீழ எழுத்து ஓடுது: "கடைசி இரு தோல்விகளால் கிளிச்கோவின் மரபு பாதிக்கப்பட்டதா?" இங்கிலீஷ் தெரியாத ஒருத்தர் இதைப் படிச்சா என்ன நினைப்பார்? கிளிச்கோ குடும்பத்துக்கு ஏதோ ஆயிடுச்சுன்னுதான் நினைப்பார். அவங்க அண்ணன் விட்டாலியும் ஹெவிவெயிட் சாம்பியன், அதனால அந்தக் குழப்பத்துக்கு நியாயமும் இருக்கு. ஆனா பேசினவங்க கேட்டது குலத்தைப் பத்தி இல்ல, லெகசியை (legacy) பத்தி, அதாவது அவர் விட்டுட்டுப் போன பேரைப் பத்தி. இந்த "லெகசி = மரபு" கணக்கை எங்க பார்த்தாலும் போட்டுட்டே இருக்காங்க, அதான் எழுதிடலாம்னு உட்கார்ந்தேன்.

சொல் பிறப்பை சுருக்கமா சொல்லிடறேன். லத்தீன்ல லெகாரேன்னு ஒரு வினை, ஒருத்தரைத் தன் சார்பா அனுப்பி வைக்கறதுக்கும் அதே சொல்தான், உயில்ல எழுதி வைக்கறதுக்கும் அதேதான். பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தப்ப மொதல்ல தூதர் பதவியைக் குறிச்சுது, பிறகு உயில் மூலமா ஒருத்தருக்கு விட்டுட்டுப் போற பணம் பொருளைக் குறிச்சுது, அதுக்கும் பிறகுதான் ஒரு ஆள் ஒதுங்கினதுக்கு அப்புறமோ செத்ததுக்கு அப்புறமோ அவரால மிஞ்சி நிக்கற எல்லாத்துக்கும் ஆச்சு. இதுல முக்கியமானது ஒண்ணே ஒண்ணு: விட்டுட்டுப் போறது. விடறவர் ஒரு ஆள், அவர் போயாச்சு, ஏதோ மிச்சம் இருக்கு.

குத்துச்சண்டைக்காரங்க இந்தச் சொல்லை எப்படிப் புழங்கறாங்கன்னு பாருங்க. ரெக்கார்டு வேற, லெகசி வேற. ரெக்கார்டு மாறாது. ராக்கி மார்சியானோ 49 சண்டை, 49 வெற்றி, 1956ல சாம்பியனாவே விலகிட்டார், அந்த 49ஐ யாராலயும் மாத்த முடியாது. ஆனா அவரோட லெகசியை இன்னிக்கும் விடாம நோண்டறாங்க, 1951ல அவர் சாய்ச்ச ஜோ லூயிஸுக்கு 37 வயசு ஆயிடுச்சே, வரிக்கடனுக்காகத் திரும்ப வந்த மனுஷனை அடிச்சது பெரிசான்னு ஒரு பக்கம், எதிர்ல யார் வந்தாலும் ஜெயிச்சாரே, வேற என்ன செய்யணும்னு இன்னொரு பக்கம். சரி, அந்த லூயிஸுக்கு அந்தத் தோல்வியால என்ன கொறஞ்சுது? ஒண்ணும் கொறையல. 1937ல இருந்து 1949 வரைக்கும் பட்டத்தை வச்சிருந்தார், 25 தடவை காப்பாத்தினார், 1938ல ஜெர்மன்காரர் மாக்ஸ் ஷ்மெலிங்கை மொத ரவுண்டுலயே முடிச்சார், ஜனங்க மனசுல நின்னது இதுதான்.

இப்ப மரபுக்கு வருவோம். மரபுன்னா பல தலைமுறையா, பல பேர் வழியா, வந்து சேர்றது. யார் ஆரம்பிச்சாங்கன்னே தெரியாது, தெரிய வேண்டியதும் இல்ல. தொல்காப்பியத்துல மரபியல்னு ஒரு இயலே இருக்கு, எந்த விலங்கோட குட்டிக்கு என்ன பேருன்னு சொல்லுது, ஏன் அப்படின்னு கேட்டா முன்னோர் அப்படித்தான் வழங்கினாங்க, அவ்வளவுதான். மரபணு, மரபுக்கவிதை, மரபுத்தொடர், எதை எடுத்தாலும் முன்னாடி இருந்து நம்ம கைக்கு வந்ததுங்கற அர்த்தம் உள்ள உட்கார்ந்திருக்கும். லெகசியில நிக்கறது விட்டவர், மரபுல நிக்கறது வாங்கினவங்க. திசையே தலைகீழ். "லாரி ஹோம்ஸின் மரபு"ன்னு எழுதினா அந்தப் பழைய ஹெவிவெயிட் சாம்பியன் ஹோம்ஸுக்கு எங்கிருந்தோ வந்ததுன்னு ஆகுது, அவர் விட்டுட்டுப் போனதுன்னு ஆகாது.

அதோட மரபை மீறலாம், காக்கலாம், ஒரு சண்டையில தோத்து எப்படிக் கெடுக்க முடியும்? லெகசியைக் கெடுக்கலாம், ரிட்டயர் ஆன பிறகு அது தானாவே ஏறவும் செய்யும். ஹோம்ஸையே எடுத்துக்கங்க. 48 சண்டை வரிசையா ஜெயிச்சவர், 1985ல மைக்கேல் ஸ்பின்க்ஸ்கிட்ட தோத்தார், இன்னும் ஒண்ணு ஜெயிச்சிருந்தா மார்சியானோ கணக்கைத் தொட்டிருப்பார். தோத்த கோவத்துல மார்சியானோவைப் பத்தி அன்னிக்கு மட்டமா பேசினது வேற. அதுக்கு முன்னாடியே, 1980ல உடம்பு தளர்ந்த முகமது அலியை அடிச்சாரேன்னு ஜனங்களுக்கு மனத்தாங்கல். இவ்வளவும் இருந்தும் வருஷம் போகப்போக 20 தடவை பட்டத்தைக் காப்பாத்தினவர், அவரோட ஜாப் (முன்கையால நேரா விடற குத்து) மாதிரி ஒண்ணு இல்லன்னு பேச்சு மாறிடுச்சு. ரெக்கார்டுல ஒரு எழுத்து மாறல, லெகசி மாறிடுச்சு. இந்த ஏற்ற இறக்கத்தை மரபுங்கற சொல் தாங்காது.

இதெல்லாத்தையும் விட எனக்கு வயித்தெரிச்சல் எங்கன்னா, குத்துச்சண்டையில உண்மையாவே மரபுன்னு சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. லீனியல் சாம்பியன்னு சொல்றாங்களே, அது. அமைப்புகள் ஆளுக்கொரு பெல்ட் குடுத்தாலும், முந்தின சாம்பியனை ரிங்குல அடிச்சவர்தான் சாம்பியன், அவரை அடிச்சவர்தான் அடுத்தவர், இப்படியே கை மாறி வர்ற பட்டம். 1994ல 45 வயசுல ஜார்ஜ் ஃபோர்மன் மைக்கேல் மூரரை நாக்அவுட் பண்ணப்ப அவர் கைக்கு வந்தது அந்த வரிசை. இதுக்கு மரபுவழிப் பட்டம்னு சொன்னா எவ்வளவு அழகா பொருந்துது! ஆனா மரபை லெகசிக்குச் செலவழிச்சாச்சு. போன வருஷம் ஒரு கட்டுரையில "அவரது மரபு மரபுவழிப் பட்டத்தால் வலுப்பெற்றது"ன்னு ஒரு வரி பார்த்தேன், அதை எழுதினவருக்கே என்ன புரிஞ்சிருக்கும்னு எனக்கு விளங்கல.

கம்ப்யூட்டர் பக்கம் பழைய மென்பொருளை லெகசின்னு சொல்றதுக்கு மரபுன்னு போடறாங்க, அங்க ஓரளவு ஒட்டும், ஏன்னா அங்க முன்னாடி இருந்து வந்து நம்ம தலையில இருக்கறதைத்தான் சொல்றாங்க. அதை அப்படியே தூக்கி ஒரு மனுஷன் மேல வச்சதுதான் தப்பு. பாரம்பரியம்னு போடறவங்களுக்கும் இதே பதில்தான். புகழ்னு சிலர் போடறாங்க, அது கொஞ்சம் பக்கத்துல வருது, ஆனா போதாது. மைக் டைசனுக்கு இருந்த புகழ்ல பாதி கூட லெனாக்ஸ் லூயிஸுக்கு இல்ல. ஆனா லூயிஸ் தன்னைத் தோக்கடிச்ச ரெண்டு பேரையும் திரும்ப அடிச்சார், 2002ல டைசனையும் எட்டாவது ரவுண்டுல சாய்ச்சார், சாம்பியனாவே விலகினார், எடைபோட உட்கார்ந்தா பல பேர் தட்டு அவர் பக்கம்தான் சாயுது. புகழ் ஆள் இருக்கறப்பவே வரும், இது அவர் போன பிறகு எண்ணிப் பார்க்கறது.

அப்ப தமிழ்ல என்னதான் சொல்றது? எச்சம். எஞ்சுங்கற வினையில இருந்து வந்தது, அஞ்சுல இருந்து அச்சம், மிஞ்சுல இருந்து மிச்சம் வந்த மாதிரி. புதுசா யாரும் உருவாக்க வேண்டாம், வள்ளுவர் இதே அர்த்தத்துல எப்பவோ ஆண்டுட்டார். "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்". நல்லவரா இல்லையான்னு அவர் விட்டுட்டுப் போனதை வச்சுத் தெரியும். பரிமேலழகர் இங்க எச்சம்னா பிள்ளைங்கன்னு உரை எழுதினார், சரி, அதை ஒத்துக்கிட்டாலும் புகழ் அதிகாரத்துல "இசையென்னும் எச்சம்"னு, அதாவது புகழ்ங்கற எச்சம்னு, நேராவே சொல்றாரே, அதுக்கு மேல என்ன வேணும்? புகழும் ஒரு எச்சம்தான், ஆனா எச்சம் புகழோட முடியறதில்ல, தகவிலருக்கும் எச்சம் உண்டு. நல்லது கெட்டது ரெண்டையும் தாங்கற சொல், லெகசியும் அப்படித்தானே.

உடனே பறவை எச்சம் ஞாபகம் வருதுன்னு சொல்லுவாங்க, ஒவ்வொரு தடவையும் சொல்றாங்க. பள்ளிக்கூடத்துல பெயரெச்சம் வினையெச்சம்னு வருஷக்கணக்கா படிக்கறோம், யாருக்காவது பறவை ஞாபகம் வந்துச்சா? இடம் பார்த்து அர்த்தம் பிரியும். இலக்கணத்துல எச்சம்னா முடியாம நிக்கற சொல்லுன்னு அர்த்தம், "வந்து"ன்னு நிறுத்தினா முடிக்க வேற ஒரு சொல் வரணும். ஒரு சாம்பியனோட எச்சமும் அப்படித்தான், அவர் கையுறையைக் கழட்டின பிறகு அதை முடிச்சு வைக்கறது மத்தவங்க, பின்னாடி வர்ற சண்டைக்காரங்க, பார்க்கற ஜனங்க. ஜாக் ஜான்சன் 1908ல மொத கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர், அவர் மேல 1913ல போட்ட தண்டனைக்கு மன்னிப்பு வந்தது 2018ல, அவர் செத்து கிட்டத்தட்ட 72 வருஷம் கழிச்சு. அந்த வாக்கியம் முடிய அவ்வளவு காலம் ஆச்சு.

எல்லா இடத்துலயும் எச்சம்னு பெயர்ச்சொல்லாவே போடணும்னு நான் சொல்லல. தமிழுக்கு வினை இயல்பா வரும். "என்ன விட்டுட்டுப் போனார்", "பேரு நிலைச்சுதா", "பேரைக் கெடுத்துக்கிட்டாரா", இப்படிப் பேசினா யாருக்கும் விளக்கம் வேண்டாம். இங்கிலீஷ்ல பெயர்ச்சொல் இருந்தா தமிழ்லயும் பெயர்ச்சொல்தான் இருக்கணும், ஒரு இங்கிலீஷ் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்தான்னு அகராதியில மொதல்ல கண்ணுல பட்டதை எடுத்து ஒட்டறாங்க, படிக்கறவர் அதைத் திரும்ப இங்கிலீஷுக்கு மாத்திப் பார்த்தாத்தான் புரியுதுன்னா அப்புறம் மொழிபெயர்ப்பு எதுக்கு?

அந்த சப்டைட்டிலுக்கே திரும்பறேன். கிளிச்கோ பட்டத்தை வச்சிருந்த ஒம்பதரை வருஷமும் போரடிக்கறார், ஜாப் போட்டுட்டுக் கட்டிப் பிடிச்சுக்கறார்னு திட்டினாங்க. 2015ல பிரிட்டன்காரர் டைசன் ஃபியூரிகிட்ட பட்டத்தை விட்டார். 2017 ஏப்ரல்ல லண்டன் வெம்ப்ளி மைதானத்துல 90,000 பேருக்கு முன்னாடி, 41 வயசுல, இன்னொரு பிரிட்டன்காரர் ஆன்டனி ஜோஷுவாகிட்ட விழுந்து எழுந்து, ஆறாவது ரவுண்டுல ஜோஷுவாவையே கீழ தள்ளி, பதினொண்ணாவதுல தோத்தார். அதுக்கப்புறம் சண்டையே போடல. வருஷக்கணக்கா திட்டினவங்க பல பேர் அன்னிக்கு ராத்திரிதான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. அப்ப அந்த வரி இப்படி இருந்திருக்கணும்: "கடைசி ரெண்டு சண்டையும் தோத்தாரே, கிளிச்கோ விட்டுட்டுப் போன பேர் அதனால கொறஞ்சுதா, கூடுச்சா?"