27 ரன்னுக்குச் சுருண்டதற்குக் கூடைப்பந்து காரணமல்ல

மேற்கிந்தியத் தீவுகள் அணி 27 ரன்னுக்கு ஆல் அவுட் ஆனதிலிருந்து மறுபடியும் அதே பேச்சு: "அங்க பசங்க எல்லாம் அமெரிக்காவோட என்பிஏ லீக்கைப் பார்த்து கூடைப்பந்துக்குப் போயிட்டாங்க சார், கிரிக்கெட்டுக்கு ஆளே இல்ல." ரசிகர்கள் சொன்னால் விட்டுவிடலாம். பயிற்சியாளர்களே சொல்லும்போதுதான் எரிச்சல் வருகிறது. தயவுசெய்து ஸ்கோர்கார்டை முழுசாகப் படியுங்கள்.

2025 ஜூலை, கிங்ஸ்டன் சபீனா பார்க். அதே டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா 121-க்குச் சுருண்டது. அல்ஜாரி ஜோசப்பும் ஷமார் ஜோசப்பும் சேர்ந்து ஒன்பது விக்கெட் எடுத்தார்கள். கூடைப்பந்து தூக்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொல்கிறீர்களே, அந்த வேகப்பந்து வீச்சாளர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். 204 எடுக்க வேண்டிய பேட்டர்கள்தான் 14.3 ஓவரில் முடிந்துபோனார்கள். ஏழு பேர் டக், அதாவது ரன்னே எடுக்கவில்லை. ஓட்டை இருப்பது, ஆறரை அடி உயரம் தேவையே இல்லாத பேட்டிங்கில்.

கூடைப்பந்து அங்கே நேற்று முளைத்ததும் அல்ல. ஆறடி ஏழங்குலம் இருந்த வேகப்பந்து வீச்சாளர் கர்ட்லி ஆம்ப்ரோஸுக்கு இளவயதில் கூடைப்பந்துதான் ஆசை. 1988-ல் டெஸ்ட் அணிக்குள் வந்து 405 விக்கெட் எடுத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். உயரமானவர்கள் அன்றும் இருந்தார்கள். ஜேசன் ஹோல்டர் வரை பிறகும் வந்தார்கள். வராமல் போனது, முழுநாள் நின்று ஆடத் தெரிந்த பேட்டர்கள்.

இதன் இரட்டைப் பிறவி இன்னொரு கட்டுக்கதை: "அந்தக் காலத்து ஆளுங்களுக்கு கிரிக்கெட் ரத்தத்துலயே இருந்துச்சு." ரத்தத்தில் ஒன்றும் இல்லை. 1975-76-ல் ஆஸ்திரேலியாவில் லில்லி, தாம்சன் என்ற வேகப்பந்து வீச்சாளர்களிடம் 5-1 என்று உதை வாங்கிய அணி அது. அடுத்த சில மாதங்களில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இந்தியா 403 ரன் இலக்கைத் துரத்திப் பிடித்தது. அதன்பிறகே கேப்டன் கிளைவ் லாய்ட் நான்கு வேகப்பந்து வீச்சாளர் திட்டத்துக்கு முழுமையாக மாறினார். ஆஸ்திரேலிய முதலாளி கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய தொடரின்போது உடற்பயிற்சியாளராக வந்த ஆஸ்திரேலியர் டென்னிஸ் வெயிட், அணியை ஓட ஓட விரட்டினார். 1980 முதல் 1995 வரை ஒரு டெஸ்ட் தொடரைக்கூடத் தோற்காத அணி அப்படி உருவாக்கப்பட்டது.

பேட்டிங் பள்ளிக்கூடம் இங்கிலாந்தின் கவுண்டி (மாவட்ட) அணிகளில் இருந்தது. ரிச்சர்ட்ஸ் சோமர்செட்டில், கிரீனிட்ஜ் ஹாம்ப்ஷயரில், லாய்ட் லங்காஷயரில், ஹெய்ன்ஸ் மிடில்செக்ஸில். மே மாத ஈர ஆடுகளத்தில், நகரும் பந்தில், வாரத்தில் பல நாள் ஆட்டம். ரன் வராவிட்டால் அடுத்த ஒப்பந்தம் கிடையாது. செலவு கவுண்டிகளுடையது. அந்த வாசல் குறுகியபோது அதற்கு ஈடான ஒன்று கரீபியனில் உருவாகவே இல்லை. பிராந்திய முதல்தரத் தொடரில் ஒரு அணிக்குச் சீசனில் பத்து ஆட்டம் கிடைத்தாலே பெரிது. அதுவும் பெரும்பாலும் மெதுவான, தாழ்வான ஆடுகளத்தில். ஜமைக்காவின் இடக்கைச் சுழல் நிகிதா மில்லர் அங்கே விக்கெட்டுகளை அள்ளினார். டெஸ்ட் ஆடியது ஒன்றே ஒன்று. உள்ளூர் ஆடுகளம் டெஸ்டுக்கு ஆள் தயாரிக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வீரர்களும் வாரியமும் மோதிக்கொண்ட 1998 லண்டன் ஹீத்ரோ சம்பளப் போராட்டம், 2009-ல் வீரர்கள் ஆட மறுத்த புறக்கணிப்பு, 2014-ல் சம்பளத் தகராறால் தரம்சாலாவோடு பாதியில் நின்ற இந்தியப் பயணம் எல்லாம் தெரிந்த கதை. அவை வியாதியை முற்ற வைத்தன, அவ்வளவுதான்.

சபீனா பார்க்கில் விழுந்த முதல் ஐந்தில் மூன்று எல்பிடபிள்யூ, ஒன்று போல்டு. மெதுவான பிட்சில் வளர்ந்தவர் பந்து வருமுன்பே முன்காலை ஆஃப் ஸ்டம்பை நோக்கிக் குறுக்கே நட்டுவிடுவார். அங்கே அது பாதுகாப்பு. ஆஸ்திரேலியாவின் மிட்செல் ஸ்டார்க் வேகத்தில் முழுநீளமாக உள்ளே திரும்பும் பந்துக்கு, மட்டை அந்தக் காலைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். வந்து சேர்வதற்குள் பந்து பேடில் இருக்கும்.

அகாடமி நடத்துபவர்களே, இதைத் திருத்தப் பந்துவீசும் மெஷின் போதாது. டென்னிஸ் பந்தின் ஒரு பாதியில் மட்டும் டேப் சுற்றுங்கள், நன்றாக ஸ்விங் ஆகும். 16, 17 கஜத்திலிருந்து முழுநீளமாக 30 பந்து எறியுங்கள். முன்கால் விரல் மிட்-ஆஃப் பக்கம் பார்க்கட்டும், தலை பந்தின் கோட்டில் இருக்கட்டும். அடித்த ஷாட்டை எண்ணாதீர்கள்; பேடில் பட்டதையும் ஆடாமல் சரியாக விட்டதையும் எண்ணுங்கள். விடுவதும் பயிற்சிதான். பையன் சலித்துக்கொள்வான், சலித்துக்கொள்ளட்டும்.

பிட்ச் பராமரிப்பவரிடமும் பேசுங்கள். களிமண் ஈரமாக இருக்கும்போதே, பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக ரோலர் ஓட வேண்டும். முந்தைய நாள் காய்ந்த மண்ணில் ரோலரை ஓட்டினால் மேல்தோல் மட்டுமே இறுகும், பந்து எழும்பாது.

ஒரு கெஞ்சல்: டி20 லீக்குக்குப் போகும் பையன்களைத் துரோகி என்று திட்டாதீர்கள். சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) பகிரும் வருவாயில் இந்தியாவுக்கு ஏறத்தாழ 38.5 சதவீதம், மேற்கிந்தியத் தீவுகளுக்கு 5 சதவீதத்துக்கும் குறைவு என்றிருக்கும்போது, அவர்கள் வேறு எங்கே போவார்கள்? திட்டுவதற்குப் பதில், உங்கள் வயதுப்பிரிவு அட்டவணையில் 20 ஓவர் ஆட்டங்களைக் குறைத்துவிட்டு மாதம் ஒரு இரண்டு நாள் ஆட்டமாவது வையுங்கள். 60 பந்து நின்று 15 ரன் எடுத்தவனை அடுத்த ஆட்டத்தில் உட்கார வைக்காதீர்கள்.