சிமுலேஷன்: உருவகமன்று, ஒத்திகை

பினாங்கில் பயிற்சி மருத்துவர்களுக்காக நடந்த பட்டறையொன்றைப் பற்றிய தமிழ்ச் செய்தியில், ‘உருவகப்படுத்தப்பட்ட அறுவைச் சிகிச்சை’ என்னும் தொடரை அண்மையில் மீண்டும் படிக்க நேர்ந்தது. ‘சிமுலேஷன்’ என்றதும் ‘உருவகப்படுத்துதல்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது.

‘ஒத்த’ எனப் பொருள்படும் ‘சிமிலிஸ்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து, போலச் செய்தலைக் குறிக்கும் ‘சிமுலாரே’ பிறந்தது. மலாய்மொழி அவ்வழியே வந்த சொல்லைச் ‘சிமுலாசி’ என எடுத்துக்கொண்டது.

உருவகமோ அணியிலக்கணச் சொல். உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை ஒழித்து இரண்டையும் ஒன்றெனக் காட்டுவது உருவகம் என்கிறது தண்டியலங்காரம். ‘மலர்முகம்’ உவமை, ‘முகமலர்’ உருவகம். பயிற்சிக்கூடத்தில் அந்த வேற்றுமை ஒழியக் கூடாது. வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவைக்குப் பழக, துளையிட்ட பெட்டிக்குள் நீண்ட கருவிகளை நுழைத்து, கை வலப்புறம் நகர்ந்தால் கருவியின் முனை இடப்புறம் நகரும் விந்தைக்குப் பழகியபடி, திரையைப் பார்த்து ரப்பர்த் துண்டுகளை இடம் மாற்றும் மருத்துவரின் கை தவறினால், கீழே விழுவது ரப்பர்தான். எவருடைய குடலும் கிழிவதில்லை. பூசணியிலும் வெள்ளரியிலும் கீறிப் பழகவும், தாமரைத் தண்டிலும் இறந்த விலங்கின் நாளத்திலும் குத்திப் பழகவும், துணிப்பொம்மைக்குக் கட்டுப்போட்டுப் பழகவும் மாணவர்க்குச் சொன்ன பண்டைய இந்திய அறுவை மருத்துவர் சுசுருதர், பூசணியை நோயாளியாக உருவகித்துப் பாடவந்த புலவரல்லர். எந்தப் பெயரோடும் ‘படுத்து’ என்பதை ஒட்டிவிட்டால் கலைச்சொல் பிறந்துவிடும் என்னும் நம்பிக்கைதான் இத்தனைக்கும் காரணம்.

‘போலி அறுவை’ என்பது இன்னும் மோசம். ‘பந்தல்’ ‘பந்தர்’ ஆவதை இலக்கணம் போலி என்று மதிப்போடு சொன்னாலும், போலி மருத்துவர் கைதான செய்தியை நாளேட்டில் படித்துப் பழகிய நமக்கு அச்சொல் வேறொன்றையே நினைவூட்டும்.

நம்மிடம் ‘ஒத்திகை’ இருக்கிறது. ‘ஒத்தல்’ அதில் காதோடு ஒலிக்கிறது. நாடகத்துக்கும் தீயணைப்புப் பயிற்சிக்கும் அதை எல்லாரும் வழங்குகிறோம். 2002இல் வெளியான ஆய்வொன்றில், மெய்நிகர் கருவியில் முன்கூட்டியே பழகியவர்கள் பித்தப்பையை மற்றவர்களைவிட 29 விழுக்காடு விரைவாகப் பிரித்தெடுத்தார்கள். அவர்கள் பார்த்தது ஒத்திகையன்றி வேறென்ன? நாளையே அரங்கேற்றம் இல்லாதபோது ஒத்திகை எப்படிப் பொருந்தும் என்பார்கள். தீ விபத்துக்கு நாள் குறித்துவிட்டா ஒத்திகை பார்க்கிறோம்? கணினியில் வானிலையைக் கணிப்பதற்கு இச்சொல் பொருந்தாதுதான். அங்கே ‘போலச்செய்தல்’ போதும். அறுவைக்கூடத்தைப் பொறுத்தவரை, சிமுலேட்டர் என்பது ஒத்திகைக் கருவி.