அறுந்து போகத் தெரிந்த கயிறு

மாட்டுக்குக் கயிறு வாங்குகிறவர் கடையிலேயே அதை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார். அறுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர் கணக்கு. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் மாட்டுச் சந்தையோடு குதிரைச் சந்தையும் கூடும். அங்கே குதிரைக்குத் தலைக்கயிறு தேடுகிறவரும் இதே கணக்கோடு போனால் சிக்கல்தான். என்ன ஆனாலும் அறாத கயிறு குதிரைக்கு ஆபத்து.

தலைக்கயிறு வேறு, கடிவாளம் வேறு. கடிவாளத்தில் வாய்க்குள் போகும் இரும்பு இருக்கும், அது சவாரிக்கு. தலைக்கயிற்றில் அது கிடையாது. மூக்கைச் சுற்றி ஒரு பட்டை, கன்னத்துக்கு இரண்டு, காதுக்குப் பின்னால் உச்சியில் ஒன்று, தாடைக்குக் கீழே, கட்டும் கயிற்றை மாட்ட ஒரு வளையம். லாயங்களில் ஹால்ட்டர் என்பார்கள். கட்டி வைக்கவும் நடத்திக் கூட்டிப்போகவும் மட்டும்தான் இது. காளைக்கு மூக்கணாங்கயிறு செய்யும் வேலையை இங்கே மூக்கின் மேலும் உச்சியிலும் விழும் அழுத்தம் செய்கிறது.

குதிரை ஓடிப் பிழைத்த இனம். கட்டியிருக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கவர் பறந்து வந்தால் முதலில் பின்வாங்கும், என்னவென்று அப்புறம்தான் பார்க்கும். பின்வாங்கியதும் கயிறு விறைக்கும். காதுக்குப் பின்னால் பட்டை அழுத்தும். ஏதோ தன்னைப் பிடித்துவிட்டது என்று இன்னும் பலமாக இழுக்கும். இழுக்க இழுக்க அழுத்தம் கூடும். 400 கிலோ உடம்பு முழுவதும் அந்த ஒரு பட்டையில் தொங்குகிறது. கயிறும் அறவில்லை, கம்பமும் அசையவில்லை என்றால் கழுத்துத் தசையும் நாணும் கிழியலாம். கால் வழுக்கி மல்லாந்து விழுந்து மண்டையோடு உடைந்த குதிரைகளும் உண்டு.

அதனால்தான் நல்ல தலைக்கயிற்றில் வேண்டுமென்றே ஓர் இடத்தைப் பலவீனமாக வைக்கிறார்கள். வீட்டில் ஃப்யூஸ் கம்பி உருகி மற்றதைக் காப்பாற்றுகிறதே, அதே யோசனை. முழுக்கத் தோலால் ஆனது அளவுக்கு மீறி இழுத்தால் தானாகவே அறும். நைலான் பட்டை லேசில் அறாது. ஆகவே அதில் உச்சிப்பட்டையை மட்டும் தோலில் வைத்து விற்கிறார்கள். அறுந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும். என்னைக் கேட்டால் நம் ஊருக்கு இந்தக் கலப்பு வகைதான் சரி. மழைக்காலத்தில் முழுத் தோல் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய் போடாமல் விட்டால் காய்ந்து வெடித்து, தேவையில்லாத நேரத்தில் அறும்.

மெல்லிய கயிற்றை முடிச்சுப் போட்டுச் செய்த வகையும் இருக்கிறது. பக்கிளே கிடையாது. கையாள்கிறவர் சின்னதாக இழுத்தாலும் குதிரைக்கு உறைக்கும். காரணம் எளிய கணக்குதான். மூக்கின் மேல் 15 செ.மீ. நீளத்துக்குப் பட்டை படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2.5 செ.மீ. அகலப் பட்டையென்றால் 20 கிலோ இழுப்பு சதுர செ.மீ.க்கு அரைக் கிலோ சொச்சமாகப் பரவும். 6 மி.மீ. கயிறென்றால் அதே இழுப்பு 2 கிலோவைத் தாண்டும். நான்கு மடங்கு. பழக்குகிறவர் கையில் இது நல்ல கருவி, ஏனென்றால் குதிரை இணங்கிய நொடியில் அவர் தளர்த்திவிடுவார். அந்தத் தளர்வில்தான் குதிரை கற்றுக்கொள்கிறது. கம்பத்துக்குத் தளர்த்தத் தெரியாது. எனவே இந்த வகையை மாட்டி எங்கேயும் கட்டக் கூடாது, வண்டியில் ஏற்றவும் கூடாது.

அடுத்தது அளவு. குதிரையின் கண்ணுக்குக் கீழே கன்னத்தைத் தடவினால் ஓர் எலும்பு மேடு கையில் தட்டும். அது முடியும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே மூக்குப்பட்டை நிற்க வேண்டும். அதற்கும் கீழே இறங்கினால் மூக்கெலும்பு மெலிந்து குருத்தெலும்பாகிவிடும். குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும், நம்மைப் போல வாயைத் திறந்து சமாளிக்க முடியாது. பட்டைக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாகப் போகட்டும்; அப்போதுதான் மெல்ல முடியும். ரொம்பத் தொளதொளவென்றும் விடக் கூடாது. பின்னங்காலால் காதைச் சொறியும்போது குளம்பு அதில் மாட்டிக்கொள்ளும், லாடம் அடித்திருந்தால் இன்னும் சுலபமாக.

கன்னத்தில் ஒரு நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. உதட்டையும் மூக்குத் துளையையும் அசைப்பது அதுதான். மயக்கம் கொடுத்துப் பக்கவாட்டில் படுக்க வைத்த குதிரையின் முகத்தில் பக்கிள் வெகுநேரம் அழுந்தினால் ஒரு பக்க உதடு தொங்கிப்போகும். அறுவை சிகிச்சையின்போது கால்நடை மருத்துவர்கள் தலைக்கயிற்றைக் கழற்றிவிடுவது இதற்காகத்தான். குட்டிகளுக்கு மாட்டியதை மறந்துவிடுவது அதைவிட மோசம். தலை வளரும், பட்டை வளராது. கடைசியில் சதைக்குள் புதைந்துவிடும்.

கட்டும்போது குதிரையின் தோள் உயரத்திலோ அதற்கு மேலோ, அசையாத கம்பத்தில் கட்டுங்கள். வேலிக் குறுக்குச் சட்டம் வேண்டாம். பிடுங்கிக்கொண்டால் சட்டத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டே ஓடும். கயிறு நீளமாக இருந்தால் கால் சிக்கும். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இருந்தால் போதும், கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. ஷூ லேஸ் மாதிரி நுனியை இழுத்தால் அவிழும் முடிச்சு போடுங்கள். பல்லால் அந்த நுனியை இழுத்து அவிழ்க்கக் கற்றுக்கொண்ட கில்லாடிகளும் உண்டு. கம்பத்து வளையத்தில் மெல்லிய சணலைச் சுற்றி, அதில் கயிற்றைக் கட்டுவது இன்னொரு ஃப்யூஸ். பிளாஸ்டிக் கயிறு இதற்கு உதவாது, அது அறாது. ஆனால் வண்டிகள் பறக்கும் ரோட்டோரம் என்றால், அறுத்துக்கொண்ட குதிரை லாரி முன்னால் போய் நிற்கும். அங்கே கட்டவே கட்டாதீர்கள். ஓர் ஆள் கையில் பிடித்து நிற்கட்டும். பிடிக்கிறவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. இழுத்த இழுப்பில் விரல் போய்விடும்.

மேய விடும்போது தலைக்கயிற்றைக் கழற்றிவிடுவதே நல்லது. அதற்கும் ஒரு முறை இருக்கிறது. கதவைத் தாண்டி உள்ளே கூட்டிப்போனதும் குதிரையைத் திருப்பி, அதன் முகம் கதவைப் பார்க்க நிறுத்துங்கள். இடப்பக்கம் நின்று, கட்டும் கயிற்றைக் குதிரையின் கழுத்தில் தளர்வாகப் போட்டுவிட்டு பக்கிளை அவிழுங்கள். ஒரு நொடி கழுத்தைத் தடவிவிட்டுக் கயிற்றை நழுவ விடுங்கள், கதவுப் பக்கம் இரண்டடி பின்வாங்குங்கள். விடுதலை கிடைத்த குஷியில் அது திரும்பிப் பின்னங்கால் இரண்டையும் தூக்கி உதைக்கும். அந்த உதை வரும் இடத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.