பழைய செங்கல் சுவருக்கு சிமெண்ட் வேண்டாம்

சிறிய ஊர் ஒன்றில், இடிக்கவிடாமல் காப்பாற்றி வைத்திருந்த ஒரு பழைய செங்கல் வீட்டைப் பார்க்க என்னை அழைத்தார்கள். ஊர்க்காரர்களே பணம் திரட்டி, நல்ல எண்ணத்தோடுதான் பழுது பார்த்திருந்தார்கள். பழைய சாந்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுவர் முழுக்க சிமெண்ட் பாயிண்டிங், அதாவது செங்கல்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளைச் சிமெண்டால் நிரப்பிவிடுவது. சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. கையால் தடவியதும் செங்கல் செதில் செதிலாக உதிர்ந்தது. சிமெண்ட் கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டு நின்றன. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

அந்தக் காலத்துச் செங்கல் வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. இன்றைய சிமெண்டின் முன்னோடியான போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியதே 1824இல்தான். சுண்ணாம்புச் சாந்து செங்கலைவிட மென்மையானது, ஈரத்தையும் வெளியே விடும். சுவரில் ஏறும் ஓதம் சாந்து வழியாகவே காய்ந்துபோகும். ஓதத்தில் கரைந்து வரும் உப்பும் அங்கேயே பூக்கும். தேய்வது சாந்துதான், அதை மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். அந்த வழியை சிமெண்டால் அடைத்துவிட்டால் ஈரம் செங்கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அப்போது உப்பு செங்கலுக்குள் படிகமாகி, அதன் முகத்தையே பெயர்த்துத் தள்ளிவிடும். செங்கலைவிட சாந்து பலம் குறைந்ததாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னால் நல்ல கொத்தனார்கள்கூட முதலில் தயங்குகிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? சுவரைத் தொடுவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஓட்டையான மழைநீர்க் குழாய், அல்லது வீட்டைச் சுற்றி மேடாகிப்போன தரை. அதைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பழைய சாந்தை உளியால் கையாலேயே எடுங்கள். மெஷின் வைத்தால் செங்கல் விளிம்பு போய்விடும். இடுக்கின் அகலத்தைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம் எடுத்தால்தான் புதுச் சாந்து பிடிக்கும். பூசிய பிறகு ஈரச் சாக்கால் மூடி வையுங்கள், சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். சுத்தம் செய்கிறோம் என்று மணலை அழுத்தத்தில் பீய்ச்சி அடிக்கவே கூடாது. சூளையில் வெந்து இறுகிய மேல்தோல் போய்விட்டால் திரும்ப வராது.

அந்த வீட்டில் சிமெண்ட் முழுவதையும் நாங்கள் எடுக்கவில்லை. செங்கல் உடையாமல் கழன்ற இடங்களில் மட்டும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு வைத்தோம். மீதி தானாக விடும்வரை அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.